மூளைச்சலவை என்னும் சாக்கு

ஒவ்வொரு தாக்குதலுக்குப் பிறகும் நம் நாளேடுகளிலும் தொலைக்காட்சி விவாதங்களிலும் ஒரே விளக்கம்தான் வருகிறது. நல்ல பையன்தான், யாரோ மூளைச்சலவை செய்துவிட்டார்கள். பரிகாரமும் கையோடு வந்துவிடும்: சலவை செய்தவனைப் பிடி, அவன் பேசிய வீடியோவை முடக்கு, அவனோடு தொடர்பில் இருந்தவர்கள் வீட்டில் சோதனை போடு. காவல்துறை அதிகாரி இதைச் சொல்கிறார். ஜமாத் தலைவர் சொல்கிறார். பெற்ற தாயும் அழுதுகொண்டே இதைத்தான் சொல்கிறார். வேறு எதிலும் ஒத்துப்போகாத கட்சிகள்கூட இதில் ஒத்துப்போகின்றன.

இத்தனை பேர் ஒத்துப்போகக் காரணம், இந்த விளக்கம் இவர்கள் எல்லோரையும் பொறுப்பிலிருந்து விடுவித்துவிடுகிறது. குற்றம் எங்கிருந்தோ வந்த ஒருவனுடையது என்றாகிவிட்டால் வீடு, பள்ளி, தெரு, அரசு எதுவுமே பதில் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பையன் கடைசி இரண்டு ஆண்டுகள் எப்படி இருந்தான், அவனோடு யார் பேசினார்கள், அவன் மாறிக்கொண்டே போவதைக் கண்டவர்கள் யாரிடம் போய்ச் சொல்லியிருக்க முடியும் என்ற கேள்விகள் எழவே எழாது. இந்த விளக்கம் தவறு. அதை நம்பி நாம் கைகட்டி நின்ற காலத்தில்தான் தடுத்திருக்கக்கூடிய சாவுகள் நடந்திருக்கின்றன. அதனால்தான் இதை இவ்வளவு அழுத்தமாக மறுக்கிறேன்.

நமக்குப் பக்கத்தில், நம் மொழி பேசுகிற மண்ணில் நடந்ததிலிருந்து தொடங்குகிறேன். 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு. கொழும்பு கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயம், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி செபஸ்தியார் ஆலயம், மட்டக்களப்பு சீயோன் தேவாலயம், கொழும்பின் மூன்று ஆடம்பர ஹோட்டல்கள். 260க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். மட்டக்களப்பில் இறந்தவர்களில் பலர் ஞாயிறு பள்ளிக்கு வந்திருந்த குழந்தைகள்.

வறுமையும் படிப்பறிவின்மையும்தான் இதற்கெல்லாம் வேர் என்று மேடைதோறும் சொல்கிறவர்கள், தாக்கியவர்கள் யாரென்று பார்க்க வேண்டும். இருவர் கொழும்பின் பெரிய மசாலாப் பொருள் வணிகர் ஒருவரின் மகன்கள். இன்னொருவர் பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் படித்துவிட்டு வந்தவர். பெரும்பாலோர் படித்தவர்கள், வசதியான குடும்பத்தவர்கள் என்று இலங்கை அரசே அப்போது அறிவித்தது. இது விதிவிலக்கும் இல்லை. வறுமைக்கும் பயங்கரவாதத்துக்கும் நேரடித் தொடர்பு தெரியவில்லை என்று பொருளியலாளர்கள் ஆலன் குரூகரும் யிட்கா மலெச்கோவாவும் 2003இலேயே எழுதிவிட்டார்கள். தீவிர இஸ்லாமிய இயக்கங்களில் பொறியியல் படித்தவர்கள் வழக்கத்துக்கு மீறிய விகிதத்தில் இருப்பதை தியகோ கம்பெத்தாவும் ஸ்டெஃபன் ஹெர்டாக்கும் ஒரு முழுப் புத்தகமாகவே எழுதினார்கள். ஏழைப் பிள்ளைகளைச் சந்தேகக் கண்ணோடு பார்க்கிற பழக்கம் மட்டும் நம்மை விட்டுப் போகவில்லை.

இப்போது அந்தத் தாக்குதலை முன்நின்று நடத்திய சஹ்ரான் ஹாஷிமுக்கு வருவோம். காத்தான்குடிக்காரர், நல்ல பேச்சாளர், அவருடைய தமிழ்ப் பேச்சு முகநூலிலும் யூடியூபிலும் பரவியது. சதிகாரன் இருட்டில் உட்கார்ந்து ரகசியமாகப் பிள்ளைகளின் காதில் ஓதினான் என்று நினைப்பதற்கு இங்கே இடமே இல்லை. அவர் ஒலிபெருக்கி வைத்துப் பேசியவர். கேட்டவர்கள் ஆயிரக்கணக்கானோர். அவர்களில் மிகப் பெரும்பாலோர் முகம் சுளித்துக் கடந்துபோனார்கள். காத்தான்குடி முஸ்லிம்களில் சிலர் அவர்மேல் காவல்துறையில் புகார் கொடுத்தார்கள். 2017 மார்ச்சில் சூஃபி வழியினரோடு மோதல் வெடித்து, அதன் பிறகுதான் அவர் தலைமறைவானார். பேச்சுக்கே சலவை செய்யும் சக்தி இருந்திருந்தால் அந்த ஊரே அவர் பின்னால் போயிருக்க வேண்டும். போனது ஒரு கைப்பிடிக் கூட்டம். ஆக, பேசியவனைப் பற்றி மட்டும் கேட்டால் விடை கிடைக்காது. ஒரே பேச்சை ஆயிரம் பேர் உதறிவிட்டுப் போக, இந்தச் சிலர் மட்டும் ஏன் நின்றார்கள்?

அந்தச் சிலர் யாரென்று பாருங்கள். வணிகரின் இரண்டு மகன்கள், அண்ணனும் தம்பியும். தெமட்டகொடையில் போலீஸ் வந்தபோது குண்டை வெடிக்கவைத்துத் தன் பிள்ளைகளோடு மடிந்தவர் அந்த மகன்களில் ஒருவரின் மனைவி. ஐந்து நாள் கழித்துச் சாய்ந்தமருதில் ராணுவம் சுற்றிவளைத்தபோது இறந்தவர்களில் சஹ்ரானின் தகப்பனும் சகோதரர்கள் இருவரும் இருந்தார்கள். அண்ணன் தம்பி, கணவன் மனைவி, தகப்பன் பிள்ளை. இப்படித்தான் ஆள் சேர்ந்திருக்கிறது.

அமெரிக்க மனநல மருத்துவர் மார்க் சேஜ்மன் 2004இல் வெளியிட்ட ஆய்வில் 172 ஜிஹாதிகளின் வாழ்க்கையை ஒவ்வொன்றாகத் துருவிப் பார்த்தார். பெரும்பாலோர் நட்பின் வழியாகவோ உறவின் வழியாகவோ உள்ளே போனவர்கள். ஏற்கெனவே கூடிப் பழகிய நண்பர் குழாம் ஒன்றாகவே போய்ச் சேர்ந்திருக்கிறது. நார்வேயில் நவநாஜிக் கும்பல்களில் சேர்ந்த பதின்வயதினரை ஆராய்ந்த தோரே பியோர்கோ கண்டதும் இதையொத்ததுதான். கொள்கை பிடித்துப்போய்க் கும்பலில் சேர்ந்தவர்கள் குறைவு. பள்ளியில் அடிவாங்கியவன் பாதுகாப்புத் தேடிப் போனான், வீட்டில் பேச ஆளில்லாதவன் நண்பர்களைத் தேடிப் போனான், எவனும் மதிக்காதவன் தன்னைக் கண்டு நாலு பேர் ஒதுங்க வேண்டும் என்று போனான். வெறுப்புக் கொள்கையை அவர்கள் கற்றது உள்ளே போன பிறகு, கும்பலில் ஓர் இடத்தைத் தக்கவைத்துக்கொள்வதற்காக.

கொள்கைக்கு வேலையே இல்லை என்று நான் சொல்லவில்லை. யாரைக் கொல்வது, அது ஏன் புண்ணியம் என்பதைச் சொல்லிக்கொடுப்பது கொள்கைதான். அவமானமும் தனிமையும் உள்ள பையன்கள் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள், அவர்கள் யாரையும் கொல்வதில்லை. காயம் ஒரு பக்கம், அந்தக் காயத்துக்கு இவன்தான் காரணம் என்று கைகாட்டும் கொள்கை ஒரு பக்கம், வா என்று தோளில் கைபோடும் நண்பன் ஒரு பக்கம். மூன்றும் ஒரே இடத்தில் கூடும்போதுதான் ஆபத்து. நம் நாளேட்டு விளக்கம் நடுவில் உள்ள ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு மற்ற இரண்டையும் கைகழுவிவிடுகிறது. நம் கைக்கு எட்டுவதோ அந்த இரண்டும்தான்.

“அதெல்லாம் அந்தக் காலம், இப்போது எல்லாம் செல்போன் வழியாக நடக்கிறது” என்ற பதில் உடனே வரும். இதை லேசாக ஒதுக்க முடியாது. 2019 மார்ச் 15 அன்று நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சில் இரண்டு மசூதிகளில் 51 பேரைக் கொன்றவன் தனியாக வாழ்ந்தவன், யூடியூபிலும் இணையக் குழுக்களிலும் வெறுப்பைத் தின்று வளர்ந்தவன். அந்த நிறுவனங்களைக் கேள்வி கேட்கத்தான் வேண்டும். ஆனால் இணையம்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்கிறவர்கள் பிரிட்டனின் சவுத்போர்ட் நகரத்தில் நடந்ததை நிதானமாகப் படிக்க வேண்டும்.

2024 ஜூலை 29 அன்று அங்கே குழந்தைகளின் நடன வகுப்பொன்றில் 17 வயதுப் பையன் கத்தியோடு நுழைந்தான். 6, 7, 9 வயதுச் சிறுமிகள் மூவர் இறந்தார்கள். அவன் பெயரை எழுத எனக்கு விருப்பமில்லை. அவனை எந்த இயக்கமும் சேர்க்கவில்லை, எந்தக் குருவும் ஆட்டிவைக்கவில்லை. உலகத்தில் நடந்த படுகொலைகளையெல்லாம் தேடித் தேடிப் படித்திருக்கிறான். அதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன், 13 வயதில், அவனே சிறார் உதவி எண்ணுக்குத் தொலைபேசியில் அழைத்திருக்கிறான். ஒருவரைக் கொல்ல வேண்டும்போல் இருந்தால் நான் என்ன செய்வது என்று கேட்டிருக்கிறான். பள்ளியில் தன்னைச் சீண்டுகிறார்கள், கத்தி எடுத்துக்கொண்டு போகிறேன் என்றும் சொல்லியிருக்கிறான். பள்ளி அவனை நீக்கியது. தீவிரவாதத் தடுப்புக்காக பிரிட்டன் அரசு நடத்தும் ‘பிரிவென்ட்’ திட்டத்துக்கு 2019இல் ஒரு முறையும் 2021இல் இரண்டு முறையும் ஆசிரியர்கள் அவனைப் பற்றி எழுதினார்கள். மூன்று முறையும் கோப்பு மூடப்பட்டது. காரணம், தெளிவான கொள்கை எதுவும் அவனிடம் தென்படவில்லை என்பது. கொள்கை இருக்கிறதா இல்லையா என்பதையே பெரிதாகப் பார்த்தார்கள், கோப்பை அவசரப்பட்டு மூடிவிட்டார்கள் என்று அரசின் மறுஆய்வே 2025இல் ஒப்புக்கொண்டது.

நாம் இங்கே பேசிக்கொண்டிருக்கிற அதே விளக்கத்தின்மேல் ஒரு பணக்கார நாடு தன் முழுத் தடுப்பு ஏற்பாட்டையும் கட்டியதால் வந்த வினை இது. யார் சலவை செய்தார்கள் என்று தேடினார்கள், யாரும் கிடைக்கவில்லை, ஆகவே ஆபத்தில்லை என்று எழுதிவிட்டார்கள். எதிரே நின்றவன், நான் யாரையாவது கொன்றுவிடுவேன் போலிருக்கிறது என்று தன் வாயாலேயே சொன்ன பிள்ளை.

இன்னொன்றும் நடந்தது. தாக்குதலுக்குச் சரியாக ஒரு வாரம் முன்பு, ஜூலை 22 அன்று, அவன் தன் பழைய பள்ளிக்குப் போக டாக்சி வரவழைத்தான். அவன் தகப்பன் ஓடிவந்து, இவனை ஏற்றாதீர்கள், தயவுசெய்து போய்விடுங்கள் என்று டாக்சிக்காரரிடம் மன்றாடினார். டாக்சி போய்விட்டது. பையன் வீட்டுக்குள் திரும்பினான். போலீசுக்குத் தகவல் போகவில்லை. அந்தத் தகப்பனை உலகமே திட்டியது. நானும் அவரை நியாயப்படுத்த வரவில்லை, அந்த மூன்று சிறுமிகளின் பெற்றோரை நினைத்தால் எந்த நியாயமும் வாயில் வராது. ஆனால் அந்தத் தெருமுனையில் ஒரு நிமிடம் நின்று பார்க்கச் சொல்கிறேன். மகன் என்ன செய்யப் போகிறான் என்று அவருக்குப் பயம் இருந்தது. அந்தப் பயத்தை எடுத்துக்கொண்டு போக அவருக்குத் தெரிந்த இடம் ஒன்றுதான், போலீஸ். அங்கே போனால் மகன் திரும்பி வரமாட்டான்.

இது ஒரு வீட்டுக் கதை இல்லை. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் தனியாளாகத் தாக்குதலில் இறங்கிய 119 பேரைப் பால் கில்லும் அவரோடு சேர்ந்தவர்களும் ஆராய்ந்து 2014இல் வெளியிட்டார்கள். 64 சதவீதத்தினர் விஷயத்தில், அவர்கள் இப்படி ஒரு காரியத்தில் இறங்கப் போவது குடும்பத்தில் அல்லது நண்பர்களில் யாரோ ஒருவருக்கு முன்பே தெரிந்திருந்தது. சொன்னவர் தாக்கியவரேதான். ஏறத்தாழ 80 சதவீதத்தினரின் தீவிரக் கொள்கை அடுத்தவர்களுக்குத் தெரிந்திருந்தது. தனியாள் என்று நாம் சொல்கிறவர்களே இவ்வளவு பேசுகிறார்கள். அம்மாவுக்குத் தெரியும், தங்கைக்குத் தெரியும், கூடப் படித்தவனுக்குத் தெரியும். தகவல் இல்லாததால் தாக்குதல் நடந்தது என்று சொல்லவே முடியாது. தகவல் சமையலறை வரை வந்து அங்கேயே நின்றுவிட்டது.

ஏன் நிற்கிறது என்பதற்கு நம் நாட்டிலேயே விடை உண்டு. 2014 மே மாதம் மும்பைக்குப் பக்கத்துக் கல்யாணிலிருந்து நான்கு இளைஞர்கள் ஐ.எஸ். இயக்கத்தில் சேரப் போனார்கள். அவர்களில் ஒருவர் பொறியியல் மாணவர், அவருடைய தகப்பன் மருத்துவர். மகனை எப்படியாவது திரும்பக் கொண்டுவந்துவிட வேண்டும் என்று அந்தத் தகப்பன் அதிகாரிகளை நாடினார். நவம்பரில் மகன் திரும்பினார், உடனே கைதானார், சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டம் (உபா) பாய்ந்தது. பிணையில் வெளியே வந்தது 2021இல். ஆறு ஆண்டுகளுக்கும் மேல் விசாரணைக் கைதி. அவர்மேல் உள்ள குற்றச்சாட்டு சாதாரணமானதில்லை, அதை நீதிமன்றம்தான் தீர்மானிக்க வேண்டும். நான் கேட்பது வேறு. அதற்குப் பிறகு, இன்னும் புறப்படாத, புறப்படலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிற ஒரு மகனின் தகப்பன், அந்த வழக்கைச் செய்தித்தாளில் படித்துவிட்டுக் காவல்நிலையப் படி ஏறுவாரா?

அந்தத் தகப்பன் தைரியமாகப் படி ஏறக்கூடிய ஊர் ஒன்று உண்டு: டென்மார்க்கின் இரண்டாவது பெரிய நகரம் ஆர்ஹுஸ். 2012ஆம் ஆண்டின் கடைசியில் அங்கே போலீசுக்குப் பெற்றோர்களிடமிருந்து அழைப்புகள் வரத் தொடங்கின. மகனைக் காணோம், மகளைக் காணோம். சிரியாவுக்குப் போய்விட்டார்கள் என்பது பிறகு தெரிந்தது. ஏறத்தாழ முப்பது பேர், பெரும்பாலோர் ஒரே மசூதிக்குப் போய்வந்தவர்கள். மசூதியை இழுத்து மூடு, திரும்பி வருகிறவர்களைச் சிறையில் தள்ளு என்று அந்நாட்டு அரசியல்வாதிகள் பலர் முழங்கினார்கள். ஆர்ஹுஸ் போலீசும் நகராட்சியும் வேறு வழியில் போயின. மசூதி நிர்வாகத்தோடு உட்கார்ந்து பேசினார்கள். திரும்பி வந்தவர்களைக் காபி குடிக்க அழைத்தார்கள். குற்றம் செய்ததற்குச் சான்று இருந்தால் வழக்கு உண்டு என்பதையும் மறைக்கவில்லை. இல்லாதவர்களுக்கு மருத்துவம், வீடு, படிப்பு, வேலை, கூடவே ஒரு வழிகாட்டி. ஆர்ஹுஸ் பல்கலைக்கழக உளவியலாளர் பிரெபன் பெர்டெல்சன் அந்த வழிகாட்டிகளுக்குப் பயிற்சி கொடுத்தார்.

அந்த நகரத்துப் பையன் ஒருவனின் கதை வெளியே வந்தது, சொந்தப் பெயரைச் சொல்லாமல். சோமாலியாவில் பிறந்து சிறுவயதில் டென்மார்க்குக்கு வந்தவன். வகுப்பில் இஸ்லாம் பற்றி ஒரு விவாதம் முற்றியது, இவன் கோபத்தில் ஏதோ பேசிவிட்டான். பள்ளி போலீசுக்குச் சொல்லிவிட்டது. போலீஸ் வீட்டைச் சோதனை போட்டது. ஒன்றும் கிடைக்கவில்லை, குற்றமில்லை என்று முடிந்தது. ஆனால் அதற்குள் தேர்வு போய்விட்டது. என்னைப் பயங்கரவாதி என்றுதானே பார்க்கிறார்கள் என்ற கசப்பில், தீவிரமாகப் பேசுகிற இளைஞர்களோடு சேர ஆரம்பித்தான். இவ்வளவுக்குப் பிறகு தோர்லெய்ஃப் லிங்க் என்ற போலீஸ்காரர் அவனைப் பேச அழைத்தார். அவர் முதலில் செய்த காரியம் மன்னிப்புக் கேட்டது. ஒரு போலீஸ்காரர் தன்னிடம் மன்னிப்புக் கேட்பார் என்று அவன் நினைத்தே பார்த்ததில்லை. பிறகு முஸ்லிமான ஒரு வழிகாட்டியை அறிமுகப்படுத்திவைத்தார். முஸ்லிமாகவும் டென்மார்க்குக்காரனாகவும் ஒருசேர வாழ முடியுமா என்று அந்த வழிகாட்டியோடு மாதக்கணக்கில் வாதாடினான் அந்தப் பையன். படிப்பை முடித்தான்.

அவனை எந்தப் பேச்சாளரும் கெடுக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். பள்ளியிலிருந்து போலீசுக்குப் போன ஒரு தொலைபேசி அழைப்பு அவனைத் தள்ளிவிட்டது. போலீசிடமிருந்து அவனுக்கு வந்த ஓர் அழைப்பு அவனைத் திருப்பிக் கொண்டுவந்தது.

2013இல் முப்பது பேர் அளவுக்குப் போன ஊரிலிருந்து 2014இல் போனது ஒருவர். இந்த எண்ணிக்கையை வைத்துக்கொண்டு வெற்றி முரசு கொட்ட எனக்கு மனமில்லை. போர்க்களமும் எல்லைக் காவலும் அந்த ஓராண்டில் மாறியிருந்தன. ஆனால் கடுமை காட்டாவிட்டால் ஊரே சிரியாவுக்குப் போய்விடும் என்று சொன்னவர்களின் கணிப்பு பொய்த்தது என்பதை யாரும் மறுக்க முடியாது.

எதிர்த்தரப்பின் மிக வலுவான வாதம் இனிமேல்தான் இருக்கிறது. அதை மறைத்துவிட்டு எழுதினால் இந்தக் கட்டுரைக்கு மதிப்பில்லை. 2019 நவம்பர் 29 அன்று லண்டனில், கைதிகளும் மாணவர்களும் சேர்ந்து படிக்கும் ஒரு திட்டத்தின் நிகழ்ச்சியிலேயே, அந்தத் திட்டத்தால் பயன்பெற்ற முன்னாள் கைதி ஒருவர் இரண்டு பேரைக் குத்திக் கொன்றார். இறந்த இருவரும் அந்தத் திட்டத்துக்காக உழைத்த இளம் பட்டதாரிகள். 2020 நவம்பர் 2 அன்று வியன்னாவில் நால்வரைக் கொன்ற 20 வயதுக்காரர், ஐ.எஸ்.ஸில் சேர முயன்று சிறை சென்று, திருந்தியவர்போல் நடித்து முன்கூட்டியே வெளியே வந்தவர். அப்படியானால் பேச்சும் காபியும் எதற்கு என்று கேட்கிறார்கள்.

கேட்க வேண்டிய கேள்விதான். என் பதில் இது. இந்த இருவரும் ஏற்கெனவே தண்டனை பெற்று வந்தவர்கள். வாசற்படியில் நின்று தயங்கும் 15 வயதுப் பையனையும் இவர்களையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது. நடிக்கிறவர்கள் இருப்பார்கள் என்பதால்தான் பேச்சோடு கண்காணிப்பும் சேர்ந்து போக வேண்டும் என்கிறோம். வியன்னாக்காரர் துப்பாக்கித் தோட்டா வாங்கப் பார்த்ததை ஸ்லோவாக்கியா போலீஸ் சில மாதங்களுக்கு முன்பே ஆஸ்திரியாவுக்குத் தெரிவித்திருந்தது, அதை யாரும் சரியாகப் பின்தொடரவில்லை. லண்டன் வழக்கிலும் அதிகாரிகளுக்கிடையே தகவல் பகிரப்படாததை நடுவர் குழு குறைகூறியது. அங்கே உயிரிழந்த இளைஞரின் தகப்பன், தன் மகனின் சாவைக் காட்டி இன்னும் கொடிய தண்டனைகளைக் கொண்டுவராதீர்கள் என்று பகிரங்கமாகக் கேட்டுக்கொண்டார். பிள்ளையைப் பறிகொடுத்தவர் சொன்ன சொல் அது.

இப்படிப்பட்ட கும்பல்களிலிருந்து வெளியே வர நினைப்பவர்களுக்காக ஜெர்மனியில் ‘எக்சிட்’ என்றொரு அமைப்பு இருக்கிறது. முன்னாள் போலீஸ் அதிகாரி பெர்ண்ட் வாக்னரும், ஒரு காலத்தில் நவநாஜித் தலைவராக இருந்து வெளியேறிய இங்கோ ஹாசெல்பாகும் 2000இல் தொடங்கியது. 2011 ஆகஸ்டில் கேரா என்ற ஊரில் தீவிர வலதுசாரிகள் ஓர் இசைத் திருவிழா நடத்தினார்கள். அங்கே 250 டி-ஷர்ட்டுகள் இலவசமாகக் கிடைத்தன. மண்டையோடும் கொடியும் அச்சிட்ட, அந்தக் கூட்டத்துக்குப் பிடித்த கறுப்புச் சட்டை. சந்தோஷமாக வாங்கிப் போட்டுக்கொண்டு போனார்கள். வீட்டில் முதல்முறை துவைத்ததும் அந்தப் படம் கரைந்து, அடியிலிருந்து வேறு எழுத்துகள் தெரிந்தன. இந்தச் சட்டையால் முடிந்தது உன்னாலும் முடியும், தீவிர வலதுசாரி வாழ்க்கையிலிருந்து வெளியே வர நாங்கள் உதவுகிறோம் என்ற பொருளில் ஒரு செய்தி, கீழே எக்சிட்டின் பெயர். இதை வேடிக்கையாகப் பலர் எழுதினார்கள். எனக்கு இதில் வேடிக்கை எதுவும் தெரியவில்லை. அந்தச் சட்டையை வீட்டில் துவைத்தவர் பெரும்பாலும் அவன் அம்மாவாக இருந்திருப்பார். யாரிடம் பேசுவது என்று தெரியாத ஒரு வீட்டுக்குள் ஒரு பெயர் போய்ச் சேர்ந்தது. அந்த ஆண்டு எக்சிட்டை நாடி வந்தவர்களின் எண்ணிக்கையும் கூடியது.

இவ்வளவு தூரம் பேசிவிட்டு நம் வீட்டைப் பற்றிப் பேசாவிட்டால் நான் நேர்மையற்றவனாவேன். 2023 ஆகஸ்ட் 9 இரவு நெல்லை மாவட்டம் நாங்குநேரியில், பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் தலித் மாணவன் ஒருவனை அவன் வீட்டுக்குள் புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. வெட்டியவர்கள் கூடப் படித்த ஆதிக்கச் சாதி மாணவர்கள். பிறந்த குலத்தின் பெருமைக்காக இன்னொரு பிள்ளையின் உயிரை எடுக்கலாம் என்று நம்பும் 17 வயதுக்காரர்களை வேறு எந்த நாட்டிலும் தீவிரவாதிகள் என்றுதான் சொல்வார்கள். இங்கே, முஸ்லிம் பையன் என்றால் மூளைச்சலவை, சர்வதேச வலைப்பின்னல். ஆதிக்கச் சாதிப் பையன் என்றால் வயசுக் கோளாறு, பசங்களுக்குள் சண்டை.

அந்த மாணவன் தொல்லை தாங்காமல் பள்ளிக்குப் போவதை நிறுத்தியிருந்தான். ஏன் வரவில்லை என்று பள்ளி விசாரித்தபோது நடந்ததைச் சொன்னான், எழுதியும் கொடுத்தான். அன்றிரவே வெட்டு விழுந்தது. சொல்ல வேண்டியவன் சொன்னான், சொல்ல வேண்டிய இடத்தில்தான் சொன்னான். சொன்னவனைக் காப்பாற்றவும் ஏற்பாடு இல்லை, சொல்லப்பட்டவர்களை அன்றே கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசவும் ஆளில்லை. இதையடுத்து மாணவரிடையே சாதி வன்முறையைத் தடுப்பது பற்றி ஆராய்ந்த ஓய்வுபெற்ற நீதிபதி சந்துருவின் அறிக்கை 2024 ஜூனில் அரசிடம் கொடுக்கப்பட்டது. 500 மாணவர்களுக்கு மேல் படிக்கும் பள்ளிகளில் நல அலுவலர் ஒருவரை நியமிக்க வேண்டும் என்று அதில் ஒரு பரிந்துரை உண்டு. நம் விவாதங்களோ சாதி அடையாளமாகக் கையில் கட்டும் கயிற்றையும் நெற்றித் திலகத்தையும் தாண்டவில்லை. கயிற்றை அறுப்பதும் வீடியோவை முடக்குவதும் ஒரே வகை வேலை. வெளியே தெரிவதை அழித்துவிட்டு, பையனை அப்படியே விட்டுவிடுவது.

ஜெர்மனி 2012 ஜனவரியிலிருந்து, தீவிரவாதத்தின் பக்கம் சாயும் பிள்ளைகளின் குடும்பத்தினர் அழைப்பதற்கென்றே ஓர் ஆலோசனை எண்ணை நடத்துகிறது. பிரான்ஸ் 2014 ஏப்ரலில் ஒன்றைத் தொடங்கியது. நம்மிடம் குழந்தைகளுக்கு 1098 இருக்கிறது, மனநலத்துக்கு 14416 இருக்கிறது. என் மகன் யாரையோ கொல்லப் போகிறான் போலிருக்கிறது, அவனையும் காப்பாற்றுங்கள், அந்தப் பிள்ளையையும் காப்பாற்றுங்கள் என்று ஒரு தாய் சொல்வதற்கான எண்ணை எந்தச் சுவரொட்டியிலும் நான் பார்த்ததில்லை. தமிழ்நாடு அரசு அதைத் தொடங்க வேண்டும். அழைப்பை எடுப்பவர் காக்கிச் சட்டைக்காரராக இருக்கக் கூடாது. இன்னும் குற்றம் செய்யாத பிள்ளைக்காகப் பேசும் குடும்பத்தின்மேல் வழக்கு வராது என்பதை எழுத்தில் உறுதி சொல்ல வேண்டும். உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் மட்டும் போலீஸ், அதையும் முதலிலேயே அந்தத் தாயிடம் சொல்லிவிட வேண்டும். சந்துரு அறிக்கை கேட்ட நல அலுவலர்களை நியமியுங்கள். ஜமாத்துகளும் சாதிச் சங்கங்களும் அந்த எண்ணைத் தங்கள் அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். அடுத்த தாக்குதலுக்குப் பிறகு ‘மூளைச்சலவை’ என்று தலைப்பிடுவதற்கு முன், அந்தப் பையனைப் பற்றி யாருக்கெல்லாம் முன்பே தெரியும், அவர்கள் யாரிடம் போய்ச் சொல்லியிருக்க முடியும் என்று பத்திரிகையாளர்கள் கேட்டு எழுதுங்கள்.